குதிப்பவர்கள் அவர்கள், நடுங்குபவள் நான்

பரசூட் தைக்கிற தொழிலில் கை கொஞ்சம் லூசாப் போச்சு, கழுத்து இறங்கிப் போச்சு என்று யாரும் உடுப்பைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை. ஆனால் தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் என் சகோதரிகளே, அதை நம்பி இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.

முதல் நாள்

இரண்டாயிரத்து இரண்டில் ஒஸ்லோவில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை அதே நகரத்தின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு கடையின் பின்னறையில் சேலை பிளவுஸ் தைத்தனான். வேலை அலுவலகம் என்னை ஒரு பரசூட் பட்டறைக்கு அனுப்பியது. முதலாளி க்னூட் ஆறடி உயரம். மலை விளிம்பிலிருந்து குதிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. விமானத்திலிருந்து குதிப்பவர்களுக்கு முதுகில் இரண்டு பரசூட் இருக்கும். மலையிலிருந்து குதிப்பவர்களுக்கு ஒன்றுதான். இரண்டாவதை விரிக்க நேரம் கிடைக்காது.

சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரு பரசூட்டைத் தந்தார். கையால் எறிகிற குட்டிப் பரசூட்டையும் அது இழுத்து விரிக்கிற பெரியதையும் இணைக்கும் பட்டியில், மடிப்புக்குள்ளே நூல் அறுந்து கிடந்தது. "இது குதிக்கிறவரைக் கொல்லும்" என்று எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் பட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அது அவருடைய சொந்தப் பரசூட். சனிக்கிழமை குதிக்க இருந்தவர்.

"திங்கட்கிழமை வாரும். அந்த மெஷின் இனி உம்முடையது" என்றார்.

வெயில் தின்ற துணி

நாலு வருஷம் கழித்து கார்த்திக் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஒஸ்லோவில் கொம்பியூட்டர் வேலை. விமானத்திலிருந்து இருநூறு தடவைக்கு மேல் குதித்தவர், பாலத்திலிருந்து குதித்தும் பழகியவர். இலையுதிர் காலத்தில் க்னூட்டின் குழுவோடு அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குப் போய்ச் செம்பாறையிலிருந்து குதிக்கப்போவதாகச் சொன்னார். யாரிடமோ வாங்கிய பழைய பரசூட்டை மேசையில் வைத்தார்.

துணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். கடதாசி மாதிரிக் கிழிந்தது. வெயிலில் கனநாள் கிடந்த நைலோன் அப்படித்தான்.

"அக்கா! டிக்கெட் போட்டாச்சு. என்ன பண்ணிட்டீங்க?"

"தம்பி, இதைப் போட்டுக்கொண்டு நீர் குதிக்க நான் விடமாட்டன்."

கோபத்தில் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு மெஷினில் மனசே ஓடவில்லை. மூன்றாம் நாள் புதுப் பரசூட்டோடு வந்து நின்றார்.

"சாரிக்கா. ராத்திரியெல்லாம் அந்தக் கிழிஞ்ச சத்தம்தான் காதுல கேட்டுச்சு" என்றார்.

கூரையில் தொங்கியவர்

பாறையிலிருந்து குதிப்பவருக்குப் பெரிய எதிரி அந்தப் பாறைதான். பரசூட் சில நேரம் பாறையைப் பார்த்தபடி விரியும். தோளுக்கு மேலுள்ள பின்பட்டி ஒன்றை அந்தக் கணமே இழுத்துத் திரும்ப வேண்டும். யோசித்தால் மோதல்தான்.

பட்டறைக் கூரையில் பட்டிகளைக் கட்டி கார்த்திக்கைத் தொங்கவிட்டோம். நான் தைத்துக்கொண்டே திடீர் திடீரென்று "சுவர்!" என்று கத்துவேன். அவர் இழுக்க வேண்டும். அவர் கோப்பி குடிக்கும்போதும் கத்தினேன், ஃபோனில் கதைக்கும்போதும் கத்தினேன். முதல் வாரம் பத்துக்கு நாலு தடவை செத்தார். கடைசி வாரம் ஒருதரமும் சாகவில்லை.

"எங்க அம்மாகூட என்னை இவ்வளவு விரட்டினதில்லக்கா" என்றார், தொங்கியபடியே.

செம்பாறை

பரசூட்டுகளைச் சோதிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பாலைவன மணல் பட்டி, கொக்கி, என் சோற்றுப்பெட்டி என்று ஓரிடம் விடவில்லை. தார்ப்பாயை விரித்து ஒவ்வொன்றையும் உதறித் துடைத்தேன். வெயில் ஏறினால் காற்று சுழலும் என்பதால் விடியற்காலையில் மட்டும்தான் குதிப்பு. இரண்டு விடியல், காற்றைப் பார்க்க விளிம்பில் கட்டிய நாடா படபடத்தது. இரண்டு தரமும் எல்லாரும் முணுமுணுத்தபடி இறங்கினோம்.

மூன்றாம் விடியல் நாடா அசையவில்லை. கார்த்திக் ஹெல்மெட்டை இறுக்கினார், மூச்சை விட்டார், பாய்ந்தார். குட்டிப் பரசூட் பறந்தது. பெரியது படாரென்று விரிந்தது. பாறையைப் பார்த்தபடி!

"சுவர்!" என்று கத்த வாய் திறந்தேன். ஆனால் அவருடைய கை அதற்குள் பின்பட்டியை இழுத்துவிட்டது. பரசூட் பாறையை உரசாத குறையாகத் திரும்பி, வெளிச்சத்துக்குள் மிதந்து போய், மணலில் மெதுவாக இறங்கியது. விளிம்பில் நின்ற க்னூட் என்னைத் தூக்கிச் சுற்றினார். வயர்லெஸ்ஸில் கார்த்திக்கின் குரல் வந்தது:

"அக்கா, இறங்கிட்டேன்! ரெண்டு காலும் என்கிட்டதான் இருக்கு!"

துரொண்ட்ஹெய்மிலிருந்து இருவர்

கதை எப்படிப் பரவியதோ தெரியாது. அடுத்த மாதம் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து இரண்டு பேர் பரசூட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். க்னூட் எழுந்து கை கொடுக்கப் போனார். அவர்கள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள்.

"குதிக்காதே என்று சொல்லுகிற பெண் எங்கே? அவரிடம்தான் காட்ட வேண்டும்" என்றார்கள்.

இத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்து தைக்கிற கதிரையிலிருந்துகூடக் குதித்ததில்லை, ஆனாலும் எங்கள் பட்டறையில் பிரஷர் குளிசை போடுகிற ஒரே ஆள் நான்தான்.