புவாலைக்காக வாசிக்க வேண்டிய தாள்

இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய இடது காலை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டு நின்றபடியே கோழி சுட்டு விற்றாள். மூன்று வெள்ளத்தில் கடை போய், மூன்று முறையும் அதே மூலையில் மறுபடி போட்டாள். இறந்துபோன தங்கையின் இரண்டு பெண்களையும் வளர்த்து, ஒருத்தியை நர்ஸ் ஆக்கினாள். மாவட்ட அளவில் பப்பாளிக்காய்ச் சாலட் இடிக்கும் போட்டியை வேடிக்கை பார்க்கப் போய், ஆள் குறைகிறது என்று கூப்பிட்டதால் மேடையேறி முதல் பரிசு வாங்கினாள்.

இவ்வளவையும் அவளுடைய அண்ணன் புன்மா தன் திருத்தமான கையெழுத்தில் எழுதி முடித்திருந்தார். நாலாம் வகுப்புதான் படித்தவர். ஆனால் ஒரு வரி கூடக் கோணாது.

"பரிசு மின்விசிறி. ரெண்டாவது பரிசுதான் அலுமினியப் பானை. மாத்திச் சொல்லிடக் கூடாது," என்றார்.

"அந்த விசிறி இன்னும் ஓடுதா அண்ணே?"

"ஓடுது. ஒரு பக்கம்தான் திரும்பும். அவ மாதிரியே."

புவாலையின் பள்ளித் தோழி ராத்ரிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மூன்று நாளாகக் கோயில் மண்டபத்தில் வெங்காயம் உரித்து, பாய் விரித்து, பிக்குகளுக்குத் தட்டு எடுத்து வைத்துக் கால் வீங்கியிருந்தது. மூன்று மணிக்கு எரியூட்டு. அதற்கு முன் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டிய தாள் இது. மணி ஒன்றரை. முடியட்டும் என்று அடுத்த வரியைப் பார்த்தாள். 'கல்வி: நாலாம் வகுப்பு தேர்ச்சி.'

"அண்ணே, அவ ரெண்டாம் வகுப்புலயே நின்னுட்டா."

"இருக்கட்டும். கைநாட்டுன்னு ஊர் பூரா கேக்கணுமா?"

"கூடப் படிச்சவங்க பன்னெண்டு பேரு முன்வரிசையில உக்காந்திருப்போம். எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவங்க பேசாம உக்காருங்க."

ராத்ரி சுவரில் சாய்ந்தாள். விட்டுவிடலாம் என்றுதான் உடம்பு சொன்னது. ஆனால் பள்ளி நினைவு வந்தது. பழைய மாணவர்கள் கூடிப் பள்ளிக்குக் காணிக்கை கொண்டுபோன சோங்க்ரான் புத்தாண்டு விடுமுறை அது. ராத்ரி வகுப்புத் தோழிகளோடு ஒரே நிறப் பனியன் போட்டு உள்ளே ஆடிக்கொண்டிருந்தாள். வாசலில் கோழி வாங்கப் போனபோது, அடுப்புக்குப் பின்னால் நின்றவள் நிமிராமலே, "காலா, நெஞ்சா?" என்று கேட்டாள். அந்தக் கரகரத்த குரலுக்காகவே வகுப்பில் அவளைத் தவளை என்பார்கள்.

"தவளை!"

"மெதுவா. வாடிக்கைக்காரங்க இருக்காங்க," என்றாள் புவாலை. முப்பத்தெட்டு ஆண்டுக்குப் பிறகு, ராத்ரியை அடையாளம் கண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை.

உள்ளே வா என்று இழுத்ததற்கு, பெயர்ப் பதிவேட்டு மேசையைப் பார்த்துவிட்டு, "அங்க கையெழுத்துப் போடணுமே. கோழி கருகுது, நீ போ," என்றாள். அன்று அவள் உள்ளே வரவேயில்லை.

அடுத்த வாரம் ராத்ரி பேனாவோடு சந்தைக்குப் போனாள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு மணி நேரம். புவாலை கோழி சுற்றும் தாளிலேயே எழுதிப் பழகினாள். அந்த ஒரு வருடம் கோழி வாங்கியவர்கள் எல்லாரும் அவள் பெயரையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். போன வாரம் ஆஸ்பத்திரியில்கூட, மூச்சு வாங்கியபடியே, "கையெழுத்துப் போட இன்னும் ஏதாவது தாள் இருக்காம்மா?" என்று நர்ஸைக் கேட்டாள்.

"அண்ணே, அவ தேர்ச்சி பெறல," என்றாள் ராத்ரி. "ஆனா எழுதக் கத்துக்கிட்டா. அதைத் தூக்கிட்டுப் பொய்யை வைக்கிறீங்களே. மத்ததெல்லாம் போனாலும் பரவாயில்ல, இதை மட்டும் விடமாட்டேன்."

புன்மா பேனாவை மூடினார்.

"அப்பா ஒரு பள்ளிக்கூடச் சட்டைதான் வாங்கினாரு," என்றார். "அது எனக்குச் சரியா இருந்துச்சு."

அவர் புதுத் தாள் எடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல், முதல் வரியிலிருந்து மறுபடி எழுதி வந்தார். கல்விக்கு வந்ததும், 'இரண்டாம் வகுப்பில் நின்றார். நாற்பத்தெட்டு வயதில், தோழி ராத்ரியிடம் எழுதக் கற்றார்,' என்று எழுதினார்.

"தேதி வேணும். தேதி இல்லாட்டி யாரோ சொன்ன கதை மாதிரி இருக்கும்."

"எனக்கு நாள் ஞாபகமில்ல அண்ணே."

"எனக்கு இருக்கு. என் பித்தப்பை ஆபரேஷன் அன்னிக்கு. சம்மதத் தாளுக்கு நர்ஸ் மைப்பெட்டியை நீட்டினா. இவ அதை ஒதுக்கிட்டுப் பேனா கேட்டா. நான் வலியில துடிக்கிறேன், இவ ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சுக்கிட்டிருக்கா. 'சீக்கிரம்டி'ன்னேன். 'நாப்பது வருஷம் நான் பொறுத்தேன், ரெண்டு நிமிஷம் நீ பொறு'ன்னா."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரியை நிதானமாக எழுதினார்: 'முதல் கையெழுத்து, புத்த ஆண்டு 2548, ஜூன் 14, செவ்வாய்க்கிழமை.'