சித்தப்பாவின் கட்டைப்பை

எனக்கு ஒன்பது வயதானபோது, கொடியில் காயும் குழந்தைத் துணிகளை முகர்ந்து பார்த்துச் சொல்லும் வேலையை அம்மா என்னிடம் ஒப்படைத்தாள். யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டிய வேலை. அதனாலேயே எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

குழந்தை சித்தியுடையது. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. சித்தி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவர்களுடைய அம்மா இறந்துவிட்டார். அதன் பிறகு சித்தியை வளர்த்தது, படிக்க வைத்தது, கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொடுத்தது எல்லாமே அம்மாதான். ஆகவே தலைப்பிரசவத்துக்கும் சித்தி கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். ஐப்பசி மாதத்தில், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், வயிற்றைக் கிழித்துப் பெண்குழந்தையை எடுத்தார்கள்.

அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். சித்திக்கு ஏழாம் மாதம் ஆனதுமே அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, ஓரம் மடித்து அடித்து, முனையில் நாடா வைத்து, அலமாரியின் ஒரு தட்டு நிறைய அடுக்கிவிட்டாள். பல வருஷம் துவைத்து நைந்த வேட்டியைவிடப் பிஞ்சுத் தோலுக்கு உகந்தது உலகத்தில் எதுவும் கிடையாது என்பது அவள் எண்ணம். சித்தப்பாவோ ஆஸ்பத்திரிக்கே இரண்டு டயபர் பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே இருந்த நாட்களில் அதுதான் ஓடியது. வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் பார்த்தால், குழந்தையின் தொடை இடுக்கு சிவந்திருந்தது. அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"பச்சப் புள்ளைய பிளாஸ்டிக்ல சுத்தி வேக வெச்சிகினு கீறீங்க. இன்னா நியாயம் இது?"

"டாக்டரு போடலாம்னுதான் சொன்னாரு" என்றார் சித்தப்பா.

"டாக்டரா வந்து புள்ளைய வளக்கப் போறாரு?"

மிச்சமிருந்த பாக்கெட்டுகளை அம்மா பரண்மேல் ஏற்றினாள்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. எங்கள் தெருக் கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர். சோப்பு போட்டால் நுரைக்காது, திரிந்த பால் போல மிதக்கும். குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை நனைக்கும் என்பதை, அதைத் துவைத்துக் காயவைக்கும்வரை யாரும் உணர்வதில்லை. அடுப்பங்கரையில் கயிறு கட்டி, நாற்காலி முதுகில் போட்டு, மின்விசிறிக்குக் கீழே விரித்து, கடைசியில் ரவிக்கைக்குப் போடும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து அம்மா அவற்றை உலர்த்தினாள். தையல் போட்ட வயிற்றோடு சித்தி தண்ணீரைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு மாதத்தில் அம்மாவின் விரலிடுக்குகள் வெளுத்து, வெடித்து, சிவப்புக் கோடுகளாகப் பிளந்துகொண்டன. மெஷினில் உட்கார்ந்தால் நூலைக் கோக்கும்போது முகம் சுளிப்பாள். தைக்க வேண்டிய ரவிக்கைத் துணிகள் மேசையில் குவிந்துகொண்டே போயின.

அப்போதுதான் ஒருநாள் சித்தி சொன்னாள்: "இனிமே துணிய நானே அலசிக்கிறேன்க்கா. எனக்கு இப்ப வலி இல்ல."

அம்மா அரைமனதாகச் சம்மதித்தாள். சம்மதித்த மூன்றாம் நாளிலிருந்தே அவளுக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது.

துணிகள் கொடியில் தொங்கின, உண்மைதான். ஆனால் ஏதோ சரியில்லை. சித்தி துவைக்கும் சத்தம் கேட்கவில்லை. சோப்பு கரையவில்லை. குழந்தை சரியாக நனைக்கவில்லையோ, உடம்புக்கு ஏதாவதோ என்று முதலில் பயந்தாள். குழந்தையோ பால் குடித்துவிட்டுக் கன்னம் பிதுங்கத் தூங்கியது. பிறகு, தங்கை சோம்பல்பட்டுக் குழந்தையை ஈரத்திலேயே கிடத்துகிறாளோ என்று நினைத்தாள். மெல்லப் போய்த் தொட்டுப் பார்த்தால் தொட்டில் காய்ந்து கிடந்தது. டயபராக இருக்குமோ என்றும் பரணில் ஏறிப் பார்த்தாள். பாக்கெட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"நீ போயி மோந்து பாரு. அவ கண்ணுல படாத" என்றாள் என்னிடம்.

நான் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சிரத்தையோடு அந்த வேலையைச் செய்தேன். ஒரு காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன் சித்தி என் சித்தியாக இருந்தாள். ஆலம்பரைக் கோட்டைக்கு என்னைக் கூட்டிப்போவாள், மாமல்லபுரத்தில் ஐஸ் வாங்கித் தருவாள், இரவில் என்னைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். இப்போது அந்தக் கட்டிலில் எனக்கு இடமில்லை. "பாப்பா முழிச்சிக்கும், அப்பால போ" என்பதுதான் அவள் என்னிடம் பேசியதில் பாதி. அவள் ஏதோ தப்பு செய்கிறாள் என்பதில் எனக்கு ரகசியமான திருப்தி இருந்தது.

"வெறும் தண்ணி வாசனதாம்மா வருது. மடிப்புகூட கலையல" என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அம்மா வீட்டில் எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்படிப் பார்த்ததில்தான் பாலாடை காணாமல் போனது தெரிந்தது. குழந்தைக்கு மருந்து புகட்டும் சின்ன வெள்ளிப் பாலாடை. அவர்களுடைய அம்மா இரண்டு பெண்களுக்கும் புகட்டியது. மூக்கு லேசாக நசுங்கியிருக்கும். இந்தக் குழந்தைக்காகத்தான் அம்மா அதை பீரோவிலிருந்து எடுத்திருந்தாள். அலமாரி, அடுப்பங்கரை, தொட்டிலடி என்று தேடினாள். சித்தியிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் கண் வேறொரு பொருளின் மேல் போயிருந்தது.

சித்தப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூடுவாஞ்சேரியில் ரயிலேறி, மதுராந்தகத்தில் இறங்கி, பஸ் பிடித்து வருவார். கையில் ஒரு கட்டைப்பை இருக்கும். மேலே ஆப்பிளும் ரொட்டியும் தெரியும். வந்ததும் பை நேராகச் சித்தியின் அறைக்குள் போகும். சாயங்காலம் அவர் கிளம்பும்போது அதே பை, வந்ததைவிடக் கனமாக, மேலே துண்டு போட்டு மூடி, வெளியே வரும்.

"கொண்டாந்த பை காலியாத்தான போவணும்? ஏன் ரொம்பிகினு போவுது?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"அவரு துணிமணி இருக்கும். வுடு" என்றார் அப்பா.

"ஒரு நாளைக்கு வர்றவருக்கு அவ்ளோ துணியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா செருப்பு மாட்டும்போது அம்மா என்னைப் பின்பக்கம் இழுத்துப்போனாள். பாலாடை காணாமல் போனதைச் சொன்னாள். "சித்தப்பாகூட பஸ் ஸ்டாப் வரிக்கும் போ. பையில பாலாடை கீதான்னு பாத்துட்டு வா. அவருக்குத் தெரியக் கூடாது."

சித்தப்பாவுக்கு நான் கூடவருவதில் ஒரே சந்தோஷம். கடற்கரைச் சாலைக்கு வந்து சேர்ந்ததும், "உனக்கு இன்னா வோணும் பாப்பா?" என்று கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கக் கடைக்குக் கடலை மிட்டாய் வாங்கப் போனார். பையை என் காலடியில் வைத்துவிட்டுத்தான் போனார்.

நான் துண்டை விலக்கினேன். உள்ளே செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய பொட்டலங்கள், பரோட்டாக் கடைப் பார்சல் மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தன. பையின் அடிவரை கைவிட்டுத் துழாவினேன். பிறகு ஒன்றைப் பிரித்தேன். அது என்ன என்பதைக் கண்ணுக்கு முன் மூக்கு சொல்லிவிட்டது.

"ஐயோ பாப்பா, அத மூடு, மூடு" என்று சித்தப்பா சாலையின் குறுக்கே ஓடிவந்தார். அவசரமாகப் பொட்டலத்தைக் கட்டித் துண்டை இழுத்து மூடினார். காது வரைக்கும் சிவந்துபோயிருந்தார். எங்கள் ஊரில் போட்டால் நாய் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று சித்தி பயந்தாளாம். அதனால் வாராவாரம் பஸ்ஸிலும் ரயிலிலும் மடியில் வைத்துக்கொண்டு போய், கூடுவாஞ்சேரிக் குப்பைத்தொட்டியில் போடுகிறாராம். "ஜன்னலாண்ட சீட்டு கெடச்சா பரவால்ல. கெடைக்கலன்னாதான் பேஜாரு" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு என் கையில் கடலை மிட்டாயை வைத்து, "அம்மாவாண்ட சொல்லாத பாப்பா. சித்தி வருத்தப்படும்" என்றார்.

நான் தலையாட்டினேன். வழியிலேயே மிட்டாயைத் தின்று முடித்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் கூடத்தில்தான் இருந்தார்கள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சித்தி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சைகை செய்தாள். எனக்கோ இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைக் காதோடு சொல்வது வீண் என்று பட்டது.

"பையில பாலாடை இல்லம்மா. அடி வரிக்கும் கைய வுட்டுப் பாத்துட்டேன். பாப்பாவோட டயபர்தான் கீது, எல்லாம் அழுக்கு டயபர்!"

அம்மா முதலில் டயபர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

"ஏன்டி, அப்ப இத்தினி நாளா வெறுந்துணிய நனச்சி நனச்சி தொங்கவுட்டுகினு இருந்தியா? நான் இன்னா கேனச்சியா?"

"உன் கையப் பாருக்கா" என்றாள் சித்தி. "ஊசி புடிக்க முடியாம பல்லக் கடிச்சிகினு தெச்சிகினு கீற. துணி வோணாம்னா கேப்பியா நீ? நான் துவைக்கிறேன்னாலும் பின்னாடியே வந்து வாங்கிப்ப. அதான் அவரையே வாங்கியாரச் சொன்னேன். புள்ளைக்கி இப்ப செவப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வோணும்னா பாரு."

அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அத்தோடு முடிந்திருக்கலாம். சித்தி மெதுவாகக் கேட்டாள்:

"பாலாடைன்னு இன்னாமோ சொல்லிச்சே கொழந்த?"

அப்பா பேப்பரை மடித்தார்.

"அது... காணோம்... ரெண்டு நாளாத் தேடினுகீறேன்..." என்றாள் அம்மா.

"அதுக்கா அவரு பையத் தொறந்து பாக்கச் சொன்ன?"

சித்தி கத்தவில்லை. அழவும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். என்னை யாரும் பாராட்டவில்லை. பெரியவர்களுக்கு டயபர் என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று வியந்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா வேன் எடுத்துக்கொண்டு வந்தார். இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவதாக இருந்த சித்தி, உடுத்திய புடவையோடும் குழந்தையோடும் ஏறிக்கொண்டாள். அம்மா தைத்த துணிகள் கட்டில்மேல் அப்படியே இருந்தன. அன்று சாயங்காலம் அவற்றை எடுத்து வைக்கும்போது, நடு அடுக்கிலிருந்து பாலாடை கீழே விழுந்தது. மருந்து புகட்டியபின் கழுவி, ஈரம் போக ஒரு துணியில் சுற்றி அடுக்கில் செருகியது அம்மாவேதான். அவளுக்கே அது ஞாபகம் வந்துவிட்டது. மெஷின் நாற்காலியில் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"போன் பண்ணி சொல்லிடு" என்றார் அப்பா.

"போன்ல சொல்ற விசயமா இது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் கூடுவாஞ்சேரிக்குப் போனோம். ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த மெடிக்கலில் அம்மா தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு டயபர் பாக்கெட் வாங்கினாள். அதில் அளவுகள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்த சித்தி அக்காவின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தாள்.

"இது நம்ம பாப்பாவுக்குக் கழுத்து வரிக்கும் வரும்க்கா" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. அம்மா பாலாடையை நீட்டி, "துணிக்குள்ளதான் இருந்திச்சி. நாந்தான் வெச்சிருக்கேன்" என்றாள். சித்தி வாங்கி உள்ளே வைத்தாள். சித்தப்பா ஓடிப்போய் எல்லோருக்கும் பிரியாணி வாங்கி வந்தார். அம்மா கொண்டுபோன வேட்டித்துணிகள் பகலில், டயபர் வெளியே போகும்போது என்று உடன்பாடும் ஆனது. இன்று எனக்கும் கைக்குழந்தை இருக்கிறது. நானும் அப்படித்தான் செய்கிறேன். அதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். சித்தி பொங்கலுக்கு வந்தாள், லீவுக்கு வந்தாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது. அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துச் சிரித்தார்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், கட்டி முடித்த பையைச் சித்தி கூடத்துக்குக் கொண்டுவருவாள். "எதுனா மறந்துட்டனா பாருக்கா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைப்பாள். புடவை, துண்டு, பாப்பாவின் கவுன், பால்புட்டி. எல்லாவற்றையும் வைத்துவிட்டு, பையைத் தலைகீழாக ஒருமுறை உதறுவாள். பிறகு திரும்ப அடுக்குவாள். ஒரு தடவையாவது அவள் அதைச் செய்யாமல் கிளம்பியதில்லை. சித்தப்பா வாசலில் நின்றபடி செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கும்.

பிள்ளை பெற்ற பிறகு சித்திக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். பாவம் என்று பக்கத்தில் உட்கார்ந்து உதவுவேன். காலிப்பைக்குள் தலையை விட்டு, மூலைமுடுக்கெல்லாம் துழாவி, அடுப்பங்கரைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வேன்:

"எல்லாம் சரியா கீதும்மா!"

உள்ளேயிருந்து ஏன் ஒருமுறைகூடப் பதில் வரவில்லை என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.