நிக்க விட்டாக் காணும்

ஒரு தரம் தட்டினால் எழும்ப வேண்டும். இரண்டு தரம் தட்டினால் மேசைக்குப் போய் டைம்-அவுட் கேட்க வேண்டும். மூன்று தரம் தட்டினால், என்ன கதைத்துக்கொண்டிருந்தாலும் பாதியில் விட்டுவிட்டு வந்து குந்த வேண்டும். முஸ்பிறா தன் வலது சப்பாத்தின் நுனியால் ஹிஷாம் சேருடைய பிளாஸ்டிக் கதிரையின் பின்காலில் இப்படித் தட்டித் தட்டியே ஆறு வருடம் அந்த மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணியை நடத்தினாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கதிரை காலியாக இருக்கும். மரியாதைக்கு. அந்த மரியாதையின் மேல் முதலுதவிப் பெட்டி வைக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டிக் காலை நீட்டித் தட்டுவதற்கு ஐந்தடி பத்தங்குல உயரம் வேண்டும். அல்லாஹ் அதை அவளுக்குக் குறைவில்லாமல் கொடுத்திருந்தான். அவள் இருக்கும் தெருவில் மின்குமிழ் எரிந்து போனால் ஏணியைத் தேடுவதற்கு முன் அவளைத்தான் தேடுவார்கள்.

தட்டுவதற்குக் காரணம் போட்டி விதி. படிவத்தில் பயிற்றுவிப்பாளர் என்று யாருடைய பெயர் எழுதியிருக்கிறதோ அவர் ஒருவர்தான் விளையாட்டு நடக்கும்போது எழுந்து நிற்கலாம், டைம்-அவுட் கேட்கலாம். உதவிப் பயிற்றுவிப்பாளர் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. அசைந்தால் அது தன் அணிக்கே ஃபவுல். படிவத்தில் ஹிஷாம் சேர் பயிற்றுவிப்பாளர், முஸ்பிறா உதவி. ஹிஷாம் சேர் விவசாயப் பாட ஆசிரியர். நெல்லில் எந்த நோய் எந்த இலையில் தொடங்கும் என்று கேட்டால் அரை மணித்தியாலம் சொல்லுவார். பந்து எந்தக் கூடைக்குள் விழ வேண்டும் என்று கேட்டால், இடைவேளைக்குப் பிறகு அது மாறுமல்லவா, கொஞ்சம் யோசிப்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பயிற்சியை அவர் கண்ணால் கண்டதே இல்லை. மைதானத்தைச் சுற்றிப் பச்சை வலை, வலைக்கு மேல் மறைப்புக்குத் தார்ப் படங்கு. ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது. போட்டி நாளில் ஐந்நூறு பேர் பார்ப்பார்கள், அது வேறு. பயிற்சி நேரத்தில் சேர் படங்குக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பிளேன்டீயோடு உட்கார்ந்து பந்து குதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பொறுப்புள்ள மனிதர். ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை.

முதல் போட்டியிலேயே அவர் துள்ளி எழுந்து நடுவரோடு வாதாடத் தொடங்கிவிட்டார். நடுவர் அந்தத் தீர்ப்பை அவருடைய பிள்ளைகளுக்குச் சாதகமாகத்தான் கொடுத்திருந்தார். அன்றைக்குத்தான் முஸ்பிறாவின் கால் முதன்முதலாக நீண்டது.

"சேர், இரிங்க. அது நமக்குத்தான் தந்திரிக்கான்."

"அப்ப நான் எப்ப ஒழும்புற?"

"நான் காலால சொல்றன். ஒழும்பிக் கைய நீட்டுங்க, காணும். மிச்சத்த நான் இரிந்துகொண்டே கத்திறன்."

அதன் பிறகு ஹிஷாம் சேரின் புகழ் திருகோணமலை வரைக்கும் போனது. 'அந்த மனிசன் சும்மா எழும்ப மாட்டான், எழும்பினானெண்டால் ஆட்டம் மாறும்' என்று மற்ற வலயங்களின் பயிற்றுவிப்பாளர்கள் தங்கள் அணிகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அவருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு கேடயமும் கிடைத்தன. கேடயத்தை மோட்டார் சைக்கிளில் வைத்து நேரே முஸ்பிறாவின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"இது உங்கட சாமான் பிள்ள."

"பேரு உங்கட சேர். வெச்சிக்கங்க. எனக்குப் பேரு வேணாம், நிக்க விட்டாக் காணும்."

நிற்பது அவளுக்கு விளையாட்டல்ல. பதினைந்து வருடத்துக்கு முன் இதே கல்லூரிக்கு ஒன்பதாம் இலக்கத்தில் ஆடியவள். ஒரு முறை அவள் எறிந்த பந்து, மருதமுனையில் தறிகள் எல்லாம் ஒரு நிமிடம் ஓய்ந்து காத்திருந்த பிறகுதான் கூடைக்குள் இறங்கியது என்று அவளுடைய உம்மா சொல்லுவா. உம்மா அன்றைக்கு மைதானத்துப் பக்கமே போகவில்லை. ஆனாலும் அதை அப்படித்தான் சொல்ல வேண்டும்.

காலையில் சாய்ந்தமருதில் ஒரு பார்மஸியில் வேலை. அங்கேயும் இடது காலைத் தரையில் ஊன்றிவிட்டு வலது காலால் மட்டும் சுற்றுவாள். இடது காலைத் தூக்கினால் பந்து பறிபோகும் என்று உடம்பு இன்னும் நம்புகிறது. பனடோல் அட்டையைக் கையில் கொடுக்கும் வழக்கமில்லை. மேசைக் கண்ணாடியில் ஒரு குதி குதிக்கவைத்து அனுப்புவாள். வாங்க வந்த பெரியவர் ஒருவர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"மருந்தக் கையில தாங்க புள்ள. நான் என்ன உங்கட டீமா?"

"கைய விரிச்சு வைங்க காக்கா, தானா வரும்."

தானாக வரும். இதுவரை ஒருவரும் நழுவவிட்டதில்லை. மருந்தை அங்கேயே போட்டுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு மேசைக்கு முன்னால் ஒரு முக்காலி உண்டு. நின்றுகொண்டு தண்ணீர் குடிக்க முஸ்பிறா யாரையும் விடமாட்டாள். குந்தி, பிஸ்மி சொல்லி, மூன்று மிடறாகக் குடிக்க வேண்டும். அணிக்கும் அதே சட்டம்தான். டைம்-அவுட்டில் பன்னிரண்டு பிள்ளைகளும் வரிசையாகக் குந்தித் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, இது ஏதோ புதிய உத்தி என்று எண்ணி அடுத்த வருடம் இன்னொரு அணியும் குந்தியது. அவர்கள் தோற்றார்கள்.

தலைவி அம்ஹா ஒரு நாள் நின்றபடி போத்தலைக் கவிழ்த்துவிட்டாள்.

"பத்து றவுண்டு."

"ராத்தா, ரெண்டு மிடறுதான் குடிச்ச."

"அப்ப மறுகா ரெண்டு சேத்து, பன்ரெண்டு."

இந்த ஆறு வருடத்தில் முஸ்பிறா நான்கு முறை அதிபர் சரீபாவிடம் போய், படிவத்தில் தன்னைப் போடும்படி கேட்டிருக்கிறாள். நிரந்தர ஆசிரியர் ஒருவரின் பெயர்தான் போட வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது என்பது நான்கு முறையும் கிடைத்த பதில். அந்தச் சுற்றறிக்கையை இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை. அதிபரும் பார்த்ததில்லை.

போன வருடம் திருகோணமலையில் மாகாண அரையிறுதி. உள்ளே நுழைந்ததும் முஸ்பிறாவின் கண் நேரே அணிகள் இருக்கும் பக்கம் போனது. கதிரைகள் இல்லை. அணிகளுக்கென்று சீமெந்தால் நீளமாக ஒரு வாங்கு கட்டியிருந்தார்கள்.

கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஏழு புள்ளி முன்னிலை கரைந்துகொண்டிருந்தது. முஸ்பிறா இரண்டு தரம் தட்டினாள். சீமெந்து அசையுமா? திரும்பவும் தட்டினாள். சப்பாத்தின் அடி கழன்றது. ஹிஷாம் சேர் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். தட்டு வராத நாள் நல்ல நாள் என்பது அவருடைய அனுபவம். கத்திக் கூப்பிடலாம்தான். ஆனால் டைம்-அவுட் கேள் என்று பயிற்றுவிப்பாளருக்கு உதவியாள் சபையில் கட்டளை போட்டால், ஆறு வருடம் பொத்திவைத்த அவருடைய மானம் என்னாவது? கைப்பையில் பேரீச்சம்பழம் இருந்தது. ஒன்றைத் தின்று கொட்டையை எறிந்தாள். அவள் எறிந்தால் தப்புமா, பிடரியில் பட்டது. சேர் ஈயை விரட்டினார். இன்னொரு கொட்டை. இந்த முறை அவர் திரும்பி, தன்னுடைய வகுப்பறைக் குரலில், மண்டபம் முழுவதும் கேட்கும்படி கேட்டார்:

"என்ன பிள்ள, ஒண்டா ரெண்டா? காலால சொல்லுங்க, எனக்கு விளங்கல்ல."

அந்த நேரம் பார்த்துத்தானா பந்தும் குதிக்காமல் இருக்க வேண்டும். அதிபர் சரீபா இரண்டு வரிசை பின்னால் இருந்தார். இரண்டு புள்ளியால் தோற்றார்கள்.

திரும்பும் பஸ் வாகரையைத் தாண்டியது. அதிபர் எழுந்து வந்து முஸ்பிறாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"எத்தின வருஷமாத் தட்டுறிங்க?"

"ஆறு, மிஸ்."

"வருஷத்துக்கு மூணு கதிரை கால் ஒடயிறது இதாலதானா?"

"ஓம் மிஸ்."

அதிபர் விரல் மடித்து உடைந்த கதிரைகளை எண்ணிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "அடுத்த முறை உங்கட பேரப் போடுறன். முதல் சுற்றுல தோத்தா றுமைஸ் சேர்ட பேரப் போடுவன். மறுகா வந்து கேக்கப்படாது. அவர் டிப்ளோமாக்காரர்."

றுமைஸ் சேர் டிப்ளோமாக்காரர்தான். நீச்சலில். கல்லூரியில் தடாகம் இல்லாததால் அவருடைய திறமை இதுவரை நனையவில்லை.

இப்படியாக, போன மாதம் மட்டக்களப்பில் முதல் சுற்று. படிவத்தில் பயிற்றுவிப்பாளர் முஸ்பிறா, உதவி ஹிஷாம். பிளாஸ்டிக் கதிரைகள் மூன்று, நடுக் கதிரையில் முதலுதவிப் பெட்டி. முதல் விசில் ஊதியபோது எழுந்தவள் பிறகு இருக்கவே இல்லை. இடைவேளையிலும் நின்றாள். கோட்டு ஓரமாக இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் நடந்தாள். ஆறு வருடமாக இருந்துகொண்டு கத்திய தொண்டைக்கு நின்றுகொண்டு கத்தும் சுகம் பிடிபட்டுவிட்டது. நடுவர் புண்ணியமூர்த்தி ஒரு தரம் விளையாட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

"மிஸ், நிக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. என்னைப் பேசுறதுக்கு இல்ல. இன்னொருக்கா வாய் திறந்தா அவங்களுக்கு ஃபிரீ த்ரோ குடுப்பன்."

பதினெட்டு வினாடி மீதம். ஒரு புள்ளி முன்னிலை. பந்து கோட்டுக்கு வெளியே போனது. மற்ற அணியின் கை பட்டுத்தான் போனது, வாசலில் கச்சான் விற்றவனும் கண்டிருப்பான். நடுவர் பந்தை அவர்களுக்கே கொடுத்தார். முஸ்பிறாவின் நெஞ்சு மூச்சால் நிறைந்தது. வாய் திறந்தது.

பின்னால் அவளுடைய காலிக் கதிரையின் காலில் மெதுவாக மூன்று தட்டு.

ஹிஷாம் சேருக்கு உயரம் ஐந்தடி இரண்டு. பெட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு, நடுவர் காணாமல் நடுக் கதிரைக்கு மாறியிருந்து, அங்கிருந்து காலை நீட்டித் தட்டியிருக்கிறார். தாளம்கூட அவளுடைய தாளம்தான்.

முஸ்பிறா வாயை மூடினாள். இருக்கவில்லை. வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இடது காலை ஊன்றி, பதினெட்டு வினாடியும் மரம்போல நின்றாள். எதிர் அணி எறிந்த பந்து இரும்பு வளையத்தில் பட்டு, வளையத்தையே ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. அம்ஹா அதைக் கவ்வி வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். விசில்.

பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்த வேகத்திலேயே, பழக்கதோஷம், பன்னிரண்டு பேரும் வரிசையாகக் குந்தித் தண்ணீர் குடித்தார்கள். அதிபர் சரீபா படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஹிஷாம் சேர் ஒரு போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பின்னேரத்திலரிந்து ஒரு சொட்டும் குடிக்கல்ல நீங்க. இனி இரிந்து குடிங்க பிள்ள. வெண்டாச்சி."

அவர் கதிரையை அவளுக்குப் பின்னால் இழுத்தும் வைத்தார். முஸ்பிறா போத்தலை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். போத்தலை வாய்வரைக்கும் கொண்டுபோனாள். பிறகு திரும்பிக் கதிரையைப் பார்த்தாள். மூடியைத் திரும்பவும் இறுக்கி முறுக்கி, போத்தலை அந்தக் கதிரையின் மேல் வைத்துவிட்டு நின்றாள்.