ஆட்டோடு பேசிய வீடு

சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஞானபாக்கியம் செத்துப்போனாள் என்று போடியில் அந்தத் தெருக்காரர்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மையில்லை. தன் பங்குக்குச் சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குள் போனாள். அடுத்த முறை பக்கத்து வீட்டுச் சண்முகத்தாயுடையது. அவள் வாய் நிறைய வெற்றிலை இருந்தது. அதைத் துப்பிவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு, பதிலோடு அவள் சுவரோரம் வந்து நின்றபோது இந்தப் பக்கம் கேட்பதற்கு ஆள் இல்லை.

எழுபத்து நாலாம் வருஷம், வைகாசி மாதம். பள்ளிக்கூட விடுமுறை. ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்த அவள் மகள் கிருபாவதி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வேர்க்கிறது, கொஞ்சம் தண்ணீர் மோந்து கொடு என்றாள். கிருபாவதி பானையில் செம்பை முக்கி எடுத்துத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். அந்த வீட்டில் ஒருநாளும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது அம்மாவின் வாய்தான். இதயம் என்று ஒன்று தனியாக இருப்பதையே அன்றைக்குத்தான் எல்லாரும் நினைத்துப் பார்த்தார்கள்.

அந்தச் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தம்பி ஏசுதாசன் தவழ்கிற காலத்தில் அம்மா வளர்த்த ஆடு, சண்முகத்தாய் ஆசையாக ஏற்றிவிட்டிருந்த முல்லைப் பந்தலை ஒரே மத்தியானத்தில் காலி செய்துவிட்டது. அன்றோடு இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தியது நேருக்கு நேர் பேசுவதை மட்டும்தான். அம்மா சொல்ல வேண்டியதை ஆட்டிடம் சொல்வாள். சண்முகத்தாய் தன் கோழியிடம் சொல்வாள். நடுவில் ஒரு இடுப்புயரச் சுவர். கோழிகள் குழம்பாகிக் குழம்பாகி மாறின. ஆட்டுக்கு மட்டும் தாய்க்குப் பின் மகள் என்று ராஜாத்தி என்ற பேர் நிலைத்திருந்தது. பேச்சு விட்டுப்போகவில்லை. ஒருதடவை சண்முகத்தாய்க்கு மஞ்சள் காமாலை வந்தபோது, அம்மா கீழாநெல்லியை அரைத்துக் கிண்ணத்தில் வழித்துச் சுவர்மேல் வைத்துவிட்டு, இதை மோரில் கரைத்துக் கொடுத்தால் சில வீட்டுக் கோழிகள் பிழைக்கும் என்று ராஜாத்தியிடம் சொன்னாள். சண்முகத்தாயின் புருஷன் அழகர் கிண்ணத்தை எடுத்துப் போனார். கோழி பிழைத்துக்கொண்டது. எழுந்து நடமாடிய முதல் நாளே, மருந்தில் உப்புப் போட்டதற்காக ஒரு சண்டை நடந்தது.

செத்துப்போன அன்று அம்மா கடைசியாகச் சொன்னது இதுதான்: "ராஜாத்தி, கண்டவக வாசல்ல போயி நிக்காத. அங்கன பச்சையும் இல்ல, பண்பும் இல்ல."

துக்க வீட்டில் உபதேசியார் ஜெபம் பண்ணி, சபையார் மெதுவான குரலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வேதக்காரக் குடும்பம். ஒப்பாரி வைக்கிற வழக்கம் கிடையாது. அப்போது வாசலில் நின்றிருந்தவர்களை விலக்கிக்கொண்டு சண்முகத்தாய் உள்ளே வந்தாள். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் கால் வைத்தவள், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு பாட்டை விடச் சத்தமாக ஆரம்பித்தாள்.

"எந்திரிடி பாக்கியம். பேசுறதப் பேசிப்பிட்டு நீ பாட்டுக்குப் போயிருவியா? எம் பதிலக் கேட்டுட்டுப் போடி."

அதற்குப் பின் பதிலையும் சொன்னாள். பச்சையைப் பற்றியும் பண்பைப் பற்றியும் வரி வரியாக, ராகத்தோடு, அம்மா பிறந்த உத்தமபாளையத்தையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டு. உபதேசியார் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கிருபாவதிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இப்படித் தேம்புகிறதே என்று பக்கத்திலிருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அம்மா இருந்திருந்தால் இதைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பாள் என்று நினைத்த பிறகுதான் நிஜமாகவே தேம்பல் வந்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்ததும் வீடு ஊமையாகிவிட்டது.

அப்பா ஞானசிகாமணி போடி பஜாரில் குடையும் கம்பளியும் விற்றார். மலைக்குத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவர் கடைக்கு வருவார்கள். குடையை விரித்துக் காட்டுவார், மடக்கிக் கொடுப்பார். அதில் பேச என்ன இருக்கிறது? வீட்டிலும் அப்படியே. அம்மா ஒரு கதையைச் சொல்லி முடிக்கும் இடங்களில் "ம்" என்பார். அம்மாவுக்கும் அதுவே போதுமாக இருந்தது. இப்போது அந்த "ம்"மைச் சொல்லவும் இடம் இல்லாமல் போனது. கடையைத் திறக்கவில்லை. காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கடைக்குக் கிளம்புகிறவர் மாதிரியே நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்காலம் சட்டையைக் கழற்றுவார்.

உத்தமபாளையத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஏசுதாசன் விடுமுறை முடிந்தும் திரும்பிப் போகவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். அவன் இப்படி அழுதுகொண்டே போனால் தெருவுக்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்துவிடும் என்று கிருபாவதிக்குத் தோன்றியது. சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களோ மூன்றாம் நாள் பாலைப் போலத் திரிந்த முகத்தோடு வந்தார்கள். இங்கே ஒரு வாய்க்கும் பசி இருக்காதே என்று உருகியவர்கள்தான் இருக்கிற முறுக்கை எல்லாம் தின்றுவிட்டுப் போனார்கள். காப்பி போட்டுப் போட்டுக் கிருபாவதிக்குக் கை ஓய்ந்தது. குழம்பில் ஒருநாள் உப்புப் போட மறந்துவிட்டாள். அப்பாவும் தம்பியும் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள். யாராவது ஒருத்தர் தட்டைத் தள்ளியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

ராஜாத்தியின் பாடு இன்னும் மோசம். திட்டினால் மட்டுமே நகர்ந்து பழகிய ஆடு அது. திட்ட ஆள் இல்லாமல் பின்வாசலில் குறுக்கே நின்றுவிட்டது. பட்டதாரி ஆகப் போகிறவனும் பாடம் நடத்துகிறவளும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு காலை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சண்முகத்தாயின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு முருங்கைப்பூ எல்லாம் நம் வாசலில்தான் கொட்டிக் கிடக்கிறது, அங்கே கூட்டுவதற்கு ஆள் இல்லையோ என்று கோழியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஆள் இல்லை என்ற சொல் கிருபாவதியின் நெஞ்சில் தைத்தது. இவளெல்லாம் ஒரு மனுஷியா என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் கோழிக்கு ஆட்டின் நாற்றம் பற்றிய புகார் வந்தது. அதற்கடுத்த நாள் ரேடியோ பற்றி. இவர்கள் வீட்டில் ரேடியோவே இல்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் அழகர் நின்றிருந்தார். ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற மனுஷர். பக்கத்தில் வரும்போதே மணக்கும். திருட்டுத்தனமாக ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"ஆத்தா கிருபா, ஒங்கம்மா போனதுலருந்து எங்க வீட்டுல அவ சரியாச் சோறு திங்க மாட்டேங்கா. விடிஞ்சா செவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்துருக்கா. பதிலுக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லு ஆத்தா."

"நான் என்னத்தச் சொல்ல மாமா?"

"என்னத்தையாச்சும் சொல்லு. எங்க வகையறாவுல ஒருத்தரையும் விட்டுறாத. வேணும்னா என்னையவும் சேத்துக்க."

அவர் கண் கலங்கியிருந்தது. இப்படி ஒரு வேண்டுகோளோடு உலகத்தில் யாராவது யாரிடமாவது வந்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே கிருபாவதி வீட்டுக்கு நடந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தான் அழுத நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பதிலுக்குக் காத்து நின்றிருக்கிறாள் என்பது புத்திக்கு எட்டியபோது வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை முருங்கைப்பூ மறுபடி பேச்சுக்கு வந்தது. கிருபாவதி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆட்டுக்கு முன்னால் போய் நின்றாள். வகுப்பில் முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவளுக்கு, ஒரு ஆட்டைத் திட்ட நாக்கு எழவில்லை. கடைசியில், ராஜாத்தி, மரம் என்றால் பூ உதிரத்தான் செய்யும், அதற்காக அண்டை வீட்டாரோடு வாதிடுவது நல்ல பழக்கம் அல்ல என்று சொல்லி முடித்தாள்.

சுவருக்கு அப்பால் சண்முகத்தாய் கோழியிடம், இது சண்டையா, இல்லை பரீட்சைக்கு வருகிற பாடமா என்று வருத்தத்தோடு கேட்டாள்.

குளியலறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏசுதாசன் சிரித்துவிட்டிருந்தான். ஈரத் தலையோடு வெளியே வந்து, தான் ஒரு கை பார்ப்பதாகச் சொல்லிப் படிகளில் நின்று முழங்கினான். அவன் பேச்சில் கல்லூரி மன்றத்து வாடை அடித்தது. அவையோர்களே என்று மட்டும்தான் சொல்லவில்லை. ஆடு அசையவில்லை. கோழியும் அசையவில்லை.

அப்போதுதான் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பின்வாசலில் நின்று ராஜாத்தியைக் குனிந்து பார்த்தார்.

"ஏ ராஜாத்தி, பூ கொட்டுனதுக்குச் சில பேரு கொதிக்காக. கொதிக்கட்டும். காய் காய்க்கட்டும், அப்பச் செவத்துக்கு மேல ஒரு கை நீளும் பாரு. அந்தக் கைய எனக்குக் காட்டு. முருங்கக்காய நானே குடுக்கேன், அந்த மூஞ்சிக்குப் பூ எதுக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அம்மாவேதான். அந்த இழுவை, நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொள்கிற இடம், "மூஞ்சி"யில் விழுகிற அழுத்தம், ஒன்றுகூடத் தப்பவில்லை. ராஜாத்தி காதை ஆட்டிவிட்டு, மரியாதையாக வழியை விட்டு நகர்ந்து போனது.

சுவருக்கு மேல் சண்முகத்தாயின் முகம் தெரிந்தது. பக்கத்திலிருந்த கோழியை அவள் மறந்துவிட்டிருந்தாள்.

"அண்ணாச்சி," என்றாள், "அவ பேசுற மாதிரியே இருக்கு."

"இம்புட்டு வருசமாக் கேட்டுருக்கேன்ல, தங்கச்சி," என்றார் அப்பா. அதைச் சொல்லும்போதே அவருடைய உதடு கோணியது. அடக்கத்தன்று கூட அழாத மனுஷர் படியில் உட்கார்ந்து துண்டில் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுதார். ஏசுதாசன் குழாயைத் திறக்காமலே அழுதான். சுவருக்கு அந்தப் பக்கம் சண்முகத்தாய் அழுதாள். அவளுக்குப் பின்னால் அழகர், ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பெண்டாட்டிக்குச் சோற்றுத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மலையில் மழை பிடித்தது. அப்பா கடையைத் திறந்தார். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் கம்பளிக்காக வந்து நின்று அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அவர் ஒவ்வொரு சண்டையாகச் சொல்லிக் காட்டினார். கம்பளி வாங்காதவர்களும் கேட்டுவிட்டுப் போனார்கள். ஏசுதாசன் கல்லூரிக்குத் திரும்பினான். கிருபாவதி தேறுவதற்கு இன்னும் நாளானது. பானையில் செம்பை முக்கும்போதெல்லாம் அம்மா சாய்ந்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பாள். ஆனாலும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் சுவரோரம் ஒரு நடை போய் வருவாள். முதலில் திக்கினாள். கார்த்திகை வாக்கில், அவள் சொன்ன ஒரு பேச்சுக்குப் பதில் கிடைக்காமல் சண்முகத்தாய் ஒரு பகல் முழுக்கத் தவித்ததாக அழகர் வந்து சந்தோஷமாகச் சொன்னார்.

கிறிஸ்துமஸ் வந்தபோதுதான் மறுபடி பயம் பிடித்தது. துக்கம் நடந்த வருஷம், பலகாரம் கிடையாது, புதுத்துணி கிடையாது. அந்தத் திரிந்த முகங்கள் எல்லாம் திரும்ப வந்து வரிசையாக உட்காருமே என்று கிருபாவதி மலைத்தாள். ஆராதனை முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வைகை அணைக்குப் போய்விடலாம் என்றாள். அப்பா யோசிக்காமல் சரி என்றார்.

பஸ் நிலையத்தில் இவர்களுக்கு முன்னாலேயே சண்முகத்தாய் நின்றிருந்தாள். கையில் புளிச்சோற்றுத் தூக்குச்சட்டி, பின்னால் அழகர். சிலர் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டதாகக் கோழி சொன்னதாம். தூக்குச்சட்டியை மேலே ஏற்றச் சொன்ன கண்டக்டரோடு அவள் போடியில் ஆரம்பித்த வழக்கு தேனியில்தான் ஓய்ந்தது. சட்டி அவள் மடியிலேயே வந்தது.

அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாக்கியம் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் முதலில் யார் யாரோடு பேசியது என்று சண்முகத்தாய் ஏதோ ஆரம்பித்தாள். அப்பா கையை அலம்பிக்கொண்டு வந்து, பெண் பார்க்கப் போன நாளைச் சொன்னார். யாருக்கும் தெரியாத கதை. பெரியவர்கள் வாசல் பக்கம் போன நேரத்தில் அம்மா தலையை நிமிர்த்தி, நீங்க பேசுவீகளா, மாட்டீகளா என்று நேராகவே கேட்டுவிட்டாளாம். இவருக்கு வார்த்தை வரவில்லை. சரி, அப்ப நான் பேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம்.

கிருபாவதி வாய்விட்டுச் சிரித்தாள். தலைப்பைத் தேடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு குடும்பம் இவர்களைப் பார்த்து, யார் வீட்டிலோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது போல என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா அடுத்த கதையை ஆரம்பித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஏசுதாசன் தேனி வருவதற்குள் தூங்கிப் போனான். முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டாரே தவிர, கதையை நிறுத்தவில்லை.