எட்டடி இரண்டு அங்குலம்

போன வியாழக்கிழமை காலை, பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கட்டுரையின் கடைசிப் பந்தியில் இருந்தேன். கட்டுரை ஓவசியர் அழகரெத்தினத்தைப் பற்றியது. எழுத வேறெதுவும் அகப்படாத வாரங்களில் அவரைப் பற்றி எழுதுவது என் வழக்கம். எங்கள் பக்கத்தில் அப்படியான வாரங்கள் நிறைய. அப்போது என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, ஓவசியர் மாமா போயிட்டாரு" என்றவள் அழுதாள். இறந்த செய்தி கேட்டால் ஒரு மனிதனுக்கு முதலில் என்ன தோன்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். தோன்றியது வேறு. எனக்கும் இவள் இப்படி அழுவாளா என்றுதான் நினைத்தேன்.

இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் அவரை அறிந்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீதி வேலைகளை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஓவசியராகவே இருந்தார், சம்பளம் மட்டும் நின்றது. யுத்தத்தின்போது இராணுவ வழித்தடைகளில் பஸ்ஸால் இறங்கி நடந்தே நாங்கள் பட்டணம் போய்வந்த காலத்தில்கூட அவர் வீட்டு மேசையில் அந்த வீதிகளை அகலமாக்கிக்கொண்டிருந்தவர். வாவியோரமாகத் தெற்கிலிருந்து வடக்குவரை கிடக்கும் எங்கள் ஊர்களைப் பற்றிய அவருடைய நம்பிக்கை முழுவதும் ஒரு வசனத்துக்குள் அடங்கும்: "குருக்கள்மடத்தில ஏறினா வந்தாறுமூலையில இறங்குமட்டும் ஒரே டவுன் மச்சான். வாவி நடுவில கிடக்கும்."

ஒரு நாள் வாவிக்கரையில் எருமை ஒன்று நின்ற இடத்தை விரலால் காட்டி, "அதில ஆஸ்பத்திரி" என்றார். ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தோம். எனக்கு எருமை தெரிந்தது. மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் ஒருவர் அதற்கு எத்தனை மாடி என்று கேட்டார். நான் எழுதத் தொடங்கி இருபத்தைந்து வருடமாகிறது. நான் காட்டிய எதையும் யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவர் வீதிக்கு அளவு குறிக்கும் முளைக்கட்டைகளை அறையத் தொடங்கினார். பாலை மரத்தில் செதுக்கி, தலைக்குச் சிவப்புப் பெயின்ட் பூசி, வருங்கால வீதிகள் எங்கெங்கே போகுமோ அங்கெல்லாம் அறைந்தார். யாரும் அவரை அறையச் சொல்லவில்லை, யாரும் பிடுங்கவுமில்லை. சனம் அவற்றில் ஆடு கட்டியது. நகரத்தின் நாலு வழிப் பாதையில் இப்போதைக்கு ஆடுகள் இடம் பிடித்து நிற்கின்றன என்று எழுதினேன். பத்திரிகை வந்த அன்றே அதையும் கையில் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு நான் ஆயத்தமாக இருந்தேன். "நல்லாயிரிக்கி மச்சான்," என்றார். "ஆனா நாலு வழி இல்ல, ஆறு வழி. அடுத்த கிழமை திருத்திப் போடு." திருத்திப் போட்டேன்.

முளைகளில் ஒன்று மேற்கே, வாவிக்கு அப்பால், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல்வட்டைக்குப் போகிற வண்டிப்பாதையில், ஒரு மருத மரத்தடியில் இருந்தது. பெரிய சந்தி வரப்போகும் இடம் என்று அதற்கு மட்டும் இரண்டு பூச்சுப் பெயின்ட். அந்த வருடம் வயலுக்குப் போனவர்கள், மரத்தடியில் சிவந்த தலையோடு நிற்பது வைரவர்தான் என்று முடிவு செய்தார்கள். விதைப்புக்குப் பூ வைத்தார்கள், அறுவடைக்குப் பொங்கிப் படைத்தார்கள். செய்தி கேட்டு ஓவசியர் போய்ப் பார்த்தார். இது நான் அறைந்த கட்டை என்று சொல்லியிருக்கலாம். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் கொளுத்தினார். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் சந்தியைப் பத்தடி தள்ளிக் கீறினார். நான் எழுதியவற்றில் மிக நல்லது என்று எல்லாரும் சொல்லும் கட்டுரை இதைப் பற்றியதுதான். அதன் பத்துப் பிரதிகளை வாங்கி ஊரெல்லாம் கொடுத்தவர் ஓவசியர். ஒருவரைப் பரிகாசம் செய்து பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் செய்ய முடியாது.

இதுவரை சொன்னவை சின்னப் பொறாமைகள்.

என் மகள் பல் வைத்தியர். படித்து முடித்து இரண்டு வருடம் கொழும்பில் வேலை செய்தாள். பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போவதற்கான படிவங்களோடு வீட்டுக்கு வந்தாள். ஒரே பிள்ளை. அவள் போகக்கூடாது என்பதைத் தவிர அந்த மாதம் எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை. ஆனால் இந்த ஊர் தேறாது என்று வாராவாரம் எழுதியவன் நான். அவள் அதை வாசித்து வளர்ந்தவள். போவதற்கு அவளுக்கு வேண்டிய நியாயங்களெல்லாம் என் கட்டுரைகளிலேயே இருந்தன. இரு புள்ள என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது பகிடி. "போறதுதான் புத்தி. இஞ்ச இரிக்கிற பல்லெல்லாம் வெத்தில திண்டே முடிஞ்சிது" என்றேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய் மிச்சப் படிவத்தை நிரப்பினாள்.

அடுத்த நாள் ஓவசியர் வந்து, "புள்ள, ஒரு இடம் காட்டணும், வா" என்று அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். கட்டுரைக்கு ஏதாவது அகப்படும் என்று நானும் மோட்டார்சைக்கிளில் பின்னே போனேன். மண்முனைப் பாலம் கடந்து, அந்த மருத மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். சுற்றிவர வயல். வைரவருக்கு முன்னால் வாடிய பூ.

"இதில கிளினிக்கப் போடு" என்றார்.

"இதில ஆரு மாமா வருவா? ஒரு கடையுமில்ல, சந்தியுமில்ல."

"சந்தி வரும்."

"எப்ப வரும்?"

"நீ வந்தாப் பிறகு."

அவள் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வாவிக்கரையில் ஆஸ்பத்திரியைப் பார்த்தவர்கள் பார்த்த அதே பார்வை. எனக்கு வயல்தான் தெரிந்தது. என் பிள்ளையை ஊரில் நிறுத்த எனக்கு வராத நாலு சொல், அவளுக்கு ஒரு உறவுமில்லாத ஒரு மனிதருக்கு மூன்று சொல்லில் வந்துவிட்டது. படிவங்கள் அலுமாரிக்குள் போயின. அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேனோ அவ்வளவு அவரை வெறுத்தேன். இரண்டையும் இவ்வளவு காலமும் யாரிடமும் சொல்லவில்லை.

கிளினிக் வந்தது. அடுத்த வருடம் பக்கத்தில் மருந்துக்கடை, பிறகு தேநீர்க்கடை, பிறகு காத்தான்குடி முதலாளி ஒருவரின் புடவைக்கடை. இப்போது பஸ் நிற்கிறது. "வைரவர் சந்தி இறங்கிறாக்கள்" என்று கொண்டக்டர் கூப்பிடுகிறார். சந்திக்கு மூன்று வழிதான் இருக்கிறது, ஆறுக்கு இன்னும் மூன்று வேண்டும் என்று எழுதினேன். எழுதும்போதே அது எடுபடவில்லை.

நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும். வாவிக்கு மேலால் ரயில் வரும் என்றார், வரவில்லை. கப்பல்துறை என்றார், அந்த இடத்தில் இன்றும் தோணிதான் கிடக்கிறது. எருமை நின்ற இடத்தில் எருமையின் பேரப்பிள்ளைகள் நிற்கின்றன. பிழைகளைக் கூட்டிப் பார்த்தால் நான்தான் வெல்வேன். வென்று என்ன?

செத்த வீட்டுக்கு வந்த கூட்டம் வாசலுக்கு வெளியே வெகுதூரம் நின்றது. வயல்காரர்கள், அந்த பஸ் கொண்டக்டர், கடையைப் பூட்டிவிட்டு வந்த புடவைக்கடை முதலாளி. மகள் கிளினிக்கை மூடிவிட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். முதலாளி என் பக்கத்தில் வந்து, "நீங்க எழுதி எழுதித்தான் ஓவசியரு இவ்வளவு பேருக்குத் தெரிஞ்சிது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

கடைசியாக ஒன்று. முன்பொரு காலம் அவர் என் வீட்டு வளவுக்குள்ளும் ஒரு முளை அறைந்தார். "ரோட்டு அகலிக்கக்குள்ள உன்ட மதில் எட்டடி உள்ளுக்கு வரும் மச்சான்." அதை வைத்து இரண்டு கட்டுரை எழுதினேன். போன மாரி வெள்ளத்தில் ரோட்டோரத்து மதில் விழுந்தது. மறுபடி கட்ட மேசன் வந்து நூலை எங்கே பிடிப்பது என்று கேட்டார். எட்டடி உள்ளே பிடிக்கச் சொன்னேன். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, வெளியே செவ்வரத்தைப் பூச்செடி வைக்கப்போகிறேன் என்றேன்.

மதில் முடிந்த கிழமை ஓவசியர் அந்த வழியால் வந்தார். சைக்கிளை நிறுத்தி, சேட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்து, குந்தியிருந்து அளந்தார்.

"எட்டடி ரெண்டங்குலம்," என்றார். டேப்பைச் சுருட்டினார். "ரெண்டங்குலம் என்னையும் விடக் கூட நம்பிட்டாய் மச்சான்."

இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "ஓம்" என்றார். சாகும்வரை சொல்லவில்லை. அவருடைய மதிலாக இருந்திருந்தால் நான் மூன்று வாரம் எழுதியிருப்பேன்.

வியாழக்கிழமைக் கட்டுரையைக் கிழித்துவிட்டேன். அவருடைய வரைபடங்கள் மகனிடம் போயின. டேப்பை என் மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கென்று இருப்பது மதிலுக்கு வெளியே அந்த இரண்டு அங்குலம். அவரை நான் முந்திய ஒரே இடம் அது.

செவ்வரத்தை எங்கே என்று மனைவி இன்னும் கேட்கிறாள். வைக்க மாட்டேன். ரோட்டு வரும்போது பிடுங்க வேண்டிவரும்.