டெல்மர் சொன்ன விலை

துப்பாக்கியை மடக்கித் திறந்து, காலிதானா என்று பார்த்துவிட்டு, ஹார்லன் அதைத் தோளில் வைத்தார். அவ்வளவுதான், எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அவர் நின்றது ஆர்டிஸ் வீட்டு நிலவறையில். சுவரோரமாக அட்டைப்பெட்டிகள். கூரையை ஒட்டிய சின்ன ஜன்னல் வழியாகச் செப்டம்பர் வெயில் இறங்கி, அந்த இரட்டைக் குழலின் மேல் சோம்பலாகப் படுத்திருந்தது. சுவர் மெல்லக் கரைந்தது. நாணல் முளைத்தது. விடிந்தும் விடியாத சதுப்பு. தண்ணீரின் மேல் மெல்லிய பனித்தோல். பக்கத்தில் டெல்மர் குந்தியிருக்கிறான், மூச்சு ஆவியாகப் போகிறது. வாத்து வருகிற நேரம் பார்த்துத்தான் அவன் சாப்பாட்டுப் பேச்சை எடுப்பான்.

"டேய், உன் பொண்டாட்டி லவோன் ஆப்பிள் பை சுட்டா எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லுடா."

"வாயை மூடுடா பாவி. வாத்து வருது."

"வாத்து தினம் வரும். பை தினம் வருமா?"

தலைக்கு மேலே துணி உதறுகிற மாதிரி சிறகுச் சத்தம். சிரிப்பை அடக்கப் பார்த்து இருவரும் குலுங்குகிறார்கள். ஒரு வாத்துகூட விழவில்லை. எத்தனையோ காலைகள் அப்படியே போயின, ஒன்றுக்குக்கூட ஹார்லன் வருத்தப்பட்டதில்லை.

"என்ன ஹார்லன், நின்னுக்கிட்டே தூங்கறியா?"

காப்பிக் கோப்பையோடு ஆர்டிஸ் படியிறங்கி வந்தாள். டெல்மர் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். இப்போது அவன் மனைவி ஆர்டிஸ் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளோடு இருக்கப் போகிறாள். சனிக்கிழமை பார்கோ நகரத்திலிருந்து ஒரு வியாபாரி வந்து துப்பாக்கிகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவான். அதற்குள் வேண்டியதைப் பார்த்து எடுத்துக்கொள் என்று ஹார்லனைக் கூப்பிட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை தொங்கியது. ஹார்லன் கையில் இருந்ததில், அவளுடைய உருண்டைக் கையெழுத்தில், நூற்றைம்பது டாலர்.

"மனுஷன் வாங்கின விலைதான் போட்டிருக்கேன்" என்றாள் ஆர்டிஸ். "அதுக்கு நூத்தம்பதுன்னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

ஹார்லன் அட்டையை இன்னொரு தரம் படித்தார். அது ஆயிரத்து இருநூறு டாலர் துப்பாக்கி. அன்றைய விலையில்!

அவருக்கு இன்னொரு துப்பாக்கி எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. வீட்டு அலமாரி கதவு சாத்த முடியாமல் பிதுங்குகிறது. முழங்கால் இரண்டும் போய், சதுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தே இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கண்ணில் புரை வேறு. ஆனால் இது டெல்மருடையது. இதை யாரோ ஒருவன் வண்டியில் போட்டுக்கொண்டு போவதா? அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

எங்கள் பக்கத்து ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மழை, காற்று, கடன் எதற்கும் பயப்படாதவர்கள், புதுத் துப்பாக்கியோடு வீட்டுக்குள் நுழைய மட்டும் நடுங்குவார்கள். வாங்கியதை ஒரு வருஷம் நண்பன் வீட்டில் ஒளித்து வைப்பார்கள். பிறகு தூசியோடு கொண்டுவந்து மூலையில் சாத்திவிட்டு, மனைவி கேட்டால், "இதுவா? ரொம்ப நாளா இருக்கே!" என்பார்கள். விலையைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். இந்த வித்தையில் டெல்மரும் ஹார்லனும் கரைகண்டவர்கள்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம் இருவரும் மீன் பிடிக்கப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு பண்ணையில் ஏலம். டெல்மர் இந்தத் துப்பாக்கியைப் பார்த்தான். விசைக்கு மேலே இரும்புத் தகட்டில் செதுக்கியிருந்த வாத்தைக் கட்டைவிரலால் தடவினான். அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அங்கேயே ஒருவனிடம் தன் புத்தம் புதுப் படகு மோட்டாரை விற்று, அந்தக் காசை அப்படியே கொடுத்து இதை வாங்கினான். திரும்பும்போதுதான் புத்தி வந்தது.

"ஆர்டிஸ் மோட்டார் எங்கேன்னு கேப்பாளேடா!"

"ஏரியில விழுந்துடுச்சுன்னு சொல்லு."

"எட்டிப் பிடிக்கக் குதிச்சோம்னு சொல்லணும். குதிச்சவன் நனையாம வருவானா?"

ஏரியில் பனிக்கட்டி உடைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குதித்தால் நேரே சவப்பெட்டிதான். ஆகவே இந்த இரண்டு மேதைகளும் காசு போட்டு வண்டி கழுவுகிற கொட்டகைக்குப் போனார்கள். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். ஒருவன் மேல் ஒருவன் பீய்ச்சி, பூட்ஸ் வரைக்கும் நனைந்து, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி நின்றார்கள். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு ஊர்வரைக்கும் ஓட்டி வந்ததில் பல் கிட்டிக்கொண்டதென்னவோ நிஜம். துப்பாக்கி ஒரு வருஷம் ஹார்லன் வீட்டில், குளிருக்கு வைத்த கொதிகலனுக்குப் பின்னால் கிடந்தது.

அதோடு முடிந்திருந்தால் வெறும் விளையாட்டு. ஆனால் அப்போது டெல்மருக்கும் ஆர்டிஸுக்கும் சரியில்லாத காலம். அவள் தங்கை வீட்டுக்குப் போய்விடப் போகிறாள் என்று ஊரே பேசியது. அன்று ராத்திரி நீலம் பாய்ந்த உதட்டோடு வந்தவனை அவள் கம்பளியில் சுற்றி அடுப்படியில் உட்கார வைத்தாள். அதற்கப்புறம் போகும் பேச்சே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஏரிக் கதையை அவள் சொல்வாள். டெல்மரை அடக்கம் செய்த அன்று, தேவாலயத்துச் சாப்பாட்டு மேசையிலும் அதைத்தான் சொன்னாள்.

டெல்மர் மருத்துவமனையில் கடைசியாக ஹார்லன் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்ததும் அதுதான். "மோட்டார் விஷயம்… வாயைத் திறந்துடாதேடா."

இப்போது என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு நூற்றைம்பதுக்கு வாங்கினால் நண்பன் மனைவியைக் கொள்ளையடித்ததாகும். உண்மையைச் சொன்னால் அவள் நெஞ்சில் வைத்திருக்கும் டெல்மரைப் பிடுங்கியதாகும். பேசாமல் போய்விட்டால் வியாபாரி அந்தச் சொற்பக் காசை வீசிவிட்டுக் கொண்டுபோவான். ஹார்லன் கண்ணைத் திறந்துகொண்டே நின்றார். ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தது. அதற்குள்ளிருந்து டெல்மர் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தார். அவன் ஆப்பிள் பையைப் பற்றித்தான் பேசுவான், கழுதை.

"ஆர்டிஸ், இந்த மாதிரி பழசுக்கெல்லாம் இப்போ விலை ஏறிடுச்சு. ஆயிரத்து இருநூறு தரேன்."

"அதென்ன அவ்ளோ கச்சிதமா ஒரு கணக்கு?"

"சும்மா… ஒரு மதிப்புதான்."

"தர்மம் பண்ண வந்தியாக்கும்! நான் உன்கிட்ட கையேந்தினேனா? நூத்தம்பது. அதுக்கு மேல ஒரு காசு வாங்க மாட்டேன்."

ஹார்லனுக்குக் காது சிவந்தது. படியில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் கிடத்தினார். கொள்ளையடித்த மனசோடு இதைச் சுமந்துகொண்டு போக அவரால் முடியாது. டெல்மர் மன்னிக்கட்டும்.

"ஆர்டிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த ஏரியில…"

"வேண்டாம்."

அவள் கோபப்படவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"அந்த ஏரிக் கதையில கை வைக்காதே ஹார்லன். அதை நான் அரிசோனாவுக்கு எடுத்துட்டுப் போறேன். நீ இதை எடுத்துட்டுப் போ. காப்பி ஆறுது பாரு."

ஹார்லன் பணத்தைக் கொடுத்தார். வேறென்ன செய்வார்?

வீட்டுக்கு வண்டியை மெதுவாகவே ஓட்டினார். சாலையின் இருபுறமும் சூரியகாந்தி முற்றித் தலைகுனிந்து நின்றது. வானத்தில் வாத்துக் கூட்டம் தெற்கே நீண்டு போயிற்று, முடிவே இல்லாத மாதிரி. பக்கத்து இருக்கையில் துப்பாக்கி. அதற்கும் அந்தப் பக்கம், கதவோரமாக, ஈரச் சட்டையோடு டெல்மர் உட்கார்ந்திருந்தான். "பாவம் பண்ணிட்டோம்டா" என்றார் ஹார்லன் வாய்விட்டு. அவன் கண்ணாடியில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டு வந்தான். இந்தச் சாலை இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அடுக்களையில் லவோன் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"எவ்ளோ?"

"நூத்தம்பது."

கல்யாணமான நாளாகத் துப்பாக்கி விஷயத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் நிஜ விலை அது. அவருக்கே நம்பும்படி இல்லை. "சத்தியமா!" என்றார்.

லவோன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவர் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தாள். காலரைத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சுதான் இருக்கு. அப்போ நம்பறேன்."

ஹார்லனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"ஏரித் தண்ணியில சோப்பு வாசம் எப்போலேருந்து வருது, கிழவா? அன்னிக்கு ராத்திரியே ஆர்டிஸ் போன் பண்ணா. 'எங்க வீட்டுது நனைஞ்சு வந்திருக்கு, மேலெல்லாம் வண்டி கழுவுற சோப்பு நாத்தம்'னா. 'எங்க வீட்டுதும் அதேதான்'னேன். மறுநாள் கொதிகலனுக்குப் பின்னாடி பாத்துட்டு நானும் போன் பண்ணேன். ரெண்டு பேருக்கும் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு. அவ அப்போ பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தா, தெரியுமா? சிரிச்சு ஓஞ்சதும் சொன்னா, 'என்னை ஏமாத்தறதுக்கு இவ்ளோ பாடுபடற மனுஷனை விட்டுட்டு எங்கடி போறது?'ன்னு."

ஹார்லன் துப்பாக்கியின் வாத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது.

"டெல்மருக்குத் தெரியாமலே போச்சே. கடைசி வரைக்கும் பயந்துக்கிட்டே கெடந்தானே, லவோன். வாயைத் திறக்காதேன்னு என் கையைப் பிடிச்சானே."

"அப்போ ஆர்டிஸ் கதவுக்கு வெளியிலதான் நின்னுக்கிட்டிருந்தா" என்றாள் லவோன். "உள்ளே போய், எல்லாம் தெரியும்டா பைத்தியம்னு சொல்லிடலாமான்னு பாத்தாளாம். அவ்ளோ கஷ்டப்பட்டு நனைஞ்சு வந்தவன்கிட்டேருந்து அதைப் பிடுங்க மனசு வரலியாம்."

அவள் மறுபடி உட்கார்ந்து ஆப்பிளை எடுத்துக்கொண்டாள்.

"அலமாரியில இடமில்லே. கொதிகலனுக்குப் பின்னாடியே வை. நான் பாக்கலே."