ஆண்களுக்கென்று ஒரு விருந்து

டெல்மர் ப்ரூயிட் பேச்சுக்குப் பேர் போனவர் இல்லை. அமெரிக்காவில், மிசோரி மாநிலத்தின் தெற்கு மலைப்பக்கத்தில், மர அறுவை ஆலை ஒன்றில் வாலிபத்தையும் வலது காதையும் தொலைத்தவர். அந்த இரைச்சலில் பேசி யாருக்கு என்ன லாபம்? வீட்டில் மனைவி நோரீன் பேசுவாள், இவர் தலையாட்டுவார். ஞாயிறு காலையில் ஸ்டோனி ஃபோர்க் பாப்டிஸ்ட் சபையின் கடைசி பெஞ்சில், கதவோரமாக வந்து உட்கார்ந்துகொள்வார். ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியேற அதுதான் வசதி.

அந்தப் பெஞ்சில் அவரோடு ஹோய்ட் என்ற பழைய ஆலை நண்பரும் இன்னும் இரண்டொரு கிழவர்களும் உண்டு. ஊரின் மற்ற ஆண்கள் பெண்டாட்டியைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார்கள். கல்யாணத்துக்கு ஒரு தரம், சாவுக்கு ஒரு தரம், அவ்வளவுதான் அவர்களுக்கும் கர்த்தருக்கும் கொடுக்கல் வாங்கல்.

இதைப் பார்த்துப் பொறுக்காதவர் புதிதாக வந்த பாஸ்டர் பிராடி. கல்லூரியில் கால்பந்து ஆடிய ஆள். கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். யாரைப் பார்த்தாலும் முதுகில் ஓர் அறை வைத்துத்தான் வணக்கம் சொல்வார்.

"இது சபையா, மாதர் சங்கமா?" என்று வந்த மாதமே பிரசங்கத்தில் கேட்டார். "இயேசு தச்சு வேலை செஞ்சவர். அவரோட சீஷங்க வலை இழுத்தவங்க. அவங்க இங்க வந்தா, இந்தப் பூப்போட்ட மெத்தையில உக்காருவாங்களா?"

மறுவாரம் மெத்தைகள் போயின. பிளாஸ்டிக் லில்லிப் பூக்கள் போயின. நோரீன் கண் வலிக்கத் தைத்த சரிகைத் திரைகளும் போயின. உருகி உருகிப் பாடும் பாட்டுகளையும் பாஸ்டர் குறைத்துவிட்டார். "ஒரு ஆம்பள இன்னொரு ஆம்பளயப் பாத்து உன் மார்புல சாய்றேன்னு எப்படிங்க பாடுவான்?" என்பது அவர் கட்சி. ஹோய்ட்டுக்கு இதில் பரம சந்தோஷம். "பாஸ்டர், பாட்ட மொத்தமா நிறுத்திட்டீங்கன்னா நான் முன் பெஞ்சுக்கே வந்துடுறேன்" என்றார்.

பாஸ்டர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஊரில் ஆண்கள் குடித்தும் தனித்தும் அழிவதை அவர் கண்ணால் பார்த்தார்; அவர்களை எப்படியாவது உள்ளே கொண்டுவர மனதார ஆசைப்பட்டார். அப்படித்தான் வேட்டை விருந்து வந்தது. மானிறைச்சி, அணில் குழம்பு, வறுத்த கெளுத்தி, சோள ரொட்டி. பேச வருபவர் கரடி வேட்டைக்காரர். கடைசியில் குலுக்கல், சீட்டு விழுந்தவனுக்குப் புத்தம்புது துப்பாக்கி. பக்கத்து மாவட்டச் சபைகளில் எல்லாம் இதே கதைதான், துப்பாக்கி வைத்தால் கூட்டம் வரும். ஒரே நிபந்தனை: சபைக்கு வராத ஓர் ஆணையாவது ஒவ்வொருவரும் கூட்டிவர வேண்டும்.

டெல்மர் கூட்டிவர வேண்டிய ஆண் யார் என்று பாஸ்டருக்குத் தெரியும். மகன் ட்ராய்.

ட்ராய்க்கு அந்த வருடம் எதுவுமே சரியாக அமையவில்லை. தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது அவன் வேலை போனது. பின்னாலேயே மனைவி குழந்தையை அழைத்துக்கொண்டு பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவுக்குப் போய்விட்டாள். குளிர்காலத்தில் ஒருநாள் தாயிடம், "காலையில எந்திரிக்கவே பிடிக்கலம்மா. இல்லாமப் போயிட்டா நல்லாருக்கும்" என்றான். நோரீன் அதைக் கணவரிடம் சொன்னாள்.  டெல்மர் ட்ரக்கை எடுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனார்.

"உன் துப்பாக்கியெல்லாம் குடு. எண்ணெய் போட்டுச் சுத்தம் பண்ணித் தரேன்."

ட்ராய் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவந்து ட்ரக்கில் வைத்தான். டெல்மர் அவற்றைத் தன் இரும்புப் பீரோவில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவன் திருப்பிக் கேட்கவில்லை, இவர் ஏன் என்று சொல்லவில்லை. வேட்டைப் பருவம் வந்து போனபோதும் கேட்கவில்லை. அந்த ஊரில் ஒரு தகப்பன் மகனிடம் காட்டக்கூடிய அன்பின் உச்சம் அதுதான்.

விருந்துக்கு ட்ராய் வந்தான். முகச்சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தான். டெல்மருக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. சபைக் கூடத்தில் நிற்க இடமில்லை. தொப்பியும் பூட்ஸுமாக ஒரே ஆண் கூட்டம். சமையலறையில் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஹோய்ட் ட்ராயின் தட்டில் அணில் குழம்பை ஊற்றி, "சாப்பிடுடா. பல்லுல ஈயக் குண்டு தட்டுப்பட்டா அது உங்கப்பன் சுட்டது. அவனுக்குத் தலையப் பாத்துச் சுடத் தெரியாது" என்றார். ட்ராய் வாய்விட்டுச் சிரித்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

பிறகு குலுக்கல் நடந்தது. பாஸ்டர் பானைக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார்.

"ட்ராய் ப்ரூயிட்!"

கூடமே அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். டெல்மருக்குக் கையிலிருந்த காபி தொடையில் கொட்டியது தெரியவில்லை. எழுந்து நிற்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் என்ன சொல்வது? இத்தனை ஆண்களுக்கு நடுவில் எழுந்து, 'என் மகனுக்கு உயிர் வாழப் பிடிக்கவில்லை, அவன் கையில் அதைக் கொடுக்காதீர்கள்' என்றா? அவனை அம்மணமாக நிறுத்துவதற்குச் சமம் அது. அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

மேடையில் பாஸ்டர் துப்பாக்கியை ட்ராயின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, டவுனில் இருக்கும் துப்பாக்கிக் கடைக்குப் போய், சட்டப்படி கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்படியே ட்ராயின் முதுகில் ஓர் அறை. "பிரதர் டெல்மர், பாத்தீங்களா? கர்த்தர் உங்க பையனக் கூப்பிடுறார்!"

டெல்மர் தலையாட்டினார்.

ட்ரக்கில் ஏறியதும் நோரீன் பிடித்துக்கொண்டாள். சமையலறைக் கதவிடுக்கில் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"நீ என்ன கல்லா டெல்மர்? வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அத்தன பேர் முன்னாலயா?"

"அப்ப பாஸ்டர்கிட்ட தனியா சொல்லு. இல்ல கடக்காரன்கிட்ட சொல்லு. இல்ல அவன்கிட்டயே சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்றேன்."

"நீ சும்மா இரு. அம்மாக்காரி போய்ப் பேசினா அவன் மானமே போயிடும். நான் பாத்துக்கறேன்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டெல்மர் மகன் வீட்டுக்குப் போனார். வாசற்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ட்ரக்கின் பிரேக் சத்தம் போடுவது பற்றிப் பேசினார்கள். ஏரியில் தண்ணீர் குறைந்தது பற்றிப் பேசினார்கள். ஹோய்ட்டின் குழம்பில் உப்பு அதிகம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். எழுந்து போகும்போதுதான் டெல்மர் கேட்டார்.

"அந்தத் துப்பாக்கிய எடுத்துட்டியா?"

"இல்லப்பா. போகணும்."

"அவசரம் ஒண்ணும் இல்லயே."

"இல்ல."

"நான் வேணா எடுத்து வைக்கட்டா? வீட்ல பீரோ இருக்கு."

ட்ராய் சிரித்தான். "எண்ணெய் போடறதுக்காப்பா? அது புதுசு."

அப்பாவுக்குத் தெரியும் என்பது மகனுக்குத் தெரியும். மகனுக்குத் தெரியும் என்பதும் அந்த நிமிடம் அப்பாவுக்குத் தெரிந்தது.  டெல்மர் மகனின் தோளில் லேசாகக் குத்திவிட்டு ட்ரக்கில் ஏறினார். சொல்லியாயிற்று என்றே நினைத்துக்கொண்டார், பாவி மனுஷன்.

செவ்வாய்க்கிழமை ட்ராய் கடைக்குப் போனான். வியாழக்கிழமை காலை அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் டெல்மருக்கு ஃபோன் செய்தார்.

அடக்கத்துக்கு ஒரு படம் கேட்டார்கள். ட்ராய் சிரித்துக்கொண்டிருக்கும் படம் அண்மையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, துப்பாக்கியோடு விருந்து மேடையில் எடுத்தது. அதைத் தொடமாட்டேன் என்று நோரீன் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் எடுத்த பழைய படத்தையே வைத்தார்கள்.

அன்றைக்குத்தான் ஸ்டோனி ஃபோர்க் சபை ஆண்களால் நிறைந்தது. ஆலைக்காரர்கள், தொழிற்சாலைக்காரர்கள், விருந்துக்கு வந்தவர்கள், வராதவர்கள், எல்லோரும் வந்தார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பாஸ்டர் அவர்களைப் பார்த்தார். பேச எழுந்தவர் சின்னதாக ஒரு ஜெபத்தோடு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராக வந்து டெல்மரின் கையைக் குலுக்கி, "நல்ல பையன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

எல்லாம் முடிந்து, கூடத்தின் மூலையில் மடக்கு நாற்காலியில் டெல்மர் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் வந்து அவர் முன்னால் முழந்தாளிட்டார். ஹோய்ட் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் நின்றார்.

"பிரதர் டெல்மர், எனக்குத் தெரியாதே. சத்தியமா எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும்" என்றார் டெல்மர். "அவனோட துப்பாக்கியெல்லாம் நான்தான் பூட்டி வச்சிருந்தேன். குளிர்காலத்துலேருந்து."

பாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. தனியாவாவது."

"நீங்க எப்பவும் முதுகுல தட்டுவீங்க பாஸ்டர். பையன் எப்படி இருக்கான்னு ஒரு நாளும் கேட்டதில்ல." குரலில் கோபம் இல்லை. "நானும் கேட்டதில்ல."

பாஸ்டர் குழந்தை மாதிரி விம்மி அழுதார். ஹோய்ட் தட்டைக் கீழே வைத்தார். அந்த ஊரில் எதற்கும் ஒரு கேலி கைவசம் வைத்திருக்கும் ஹோய்ட்டுக்கு வாய் குழறியது.

"டெல்மர்... என் சின்ன மகனோட துப்பாக்கி, கத்தியெல்லாம் என் வீட்டுப் பரண்லதான் கிடக்கு. கூர் தீட்டறேன், எண்ணெய் போடறேன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். போன வருஷமே."

டெல்மர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்கிட்ட சொன்னியா?"

 டெல்மர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, நண்பரின் சட்டையைப் பிடித்து அதில் உட்காரவைத்தார். கேட்காத காதை அந்தப் பக்கம் தள்ளி, கேட்கும் காதை அவரிடம் கொடுத்தார்.

"அவன் ராத்திரி தூங்கறானா?" என்று கேட்டார்.

ட்ராயிடம் இதை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.